வாசல் வரைக்கும்



என் அம்மாவிடம் வயது கேட்டால் எண்ணாகப் பதில் வராது. "சித்திரபானு வருசம், ஆடி மாசம்" என்பார். கேட்டவர் விழித்தால், "காந்தி செத்த அன்னைக்கு எங்கய்யா சோறு வேண்டாம்னு எந்திரிச்சுட்டாரு. எனக்கு வெவரம் தெரிஞ்சு மொத ஞாபகம் அதுதான்" என்று சேர்த்துக்கொள்வார். சித்திரபானு 1942 சித்திரையில் பிறந்த ஆண்டு. காந்தியடிகள் சுடப்பட்டது 1948 ஜனவரி 30. அன்றைக்கு அம்மாவுக்கு ஐந்தரை வயது. முதல் ஞாபகம் தங்குகிற பருவம்தான், கணக்கு சரியாக வருகிறது. ஆனால் அவருடைய பள்ளிச் சான்றிதழில் இருந்த பிறந்த தேதி 1944 ஜூன் 1.

இந்த அரங்கில் இருக்கும் பெரியவர்களில் எத்தனை பேருக்கு மே மாதமோ ஜூன் மாதமோ பிறந்தநாள் என்று கேட்டால் பல கைகள் உயரும். அந்தக் காலத்தில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனால் பிறப்புச் சான்றிதழ் யாரும் கேட்கவில்லை. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது. பள்ளி திறக்கும் மாதத்தை ஒட்டி ஆசிரியரே ஒரு தேதியை எழுதிக்கொள்வார். ஊருக்கு ஒரு வயது, ஏட்டுக்கு ஒரு வயது என்று இரண்டு வயதோடு ஒரு தலைமுறையே வாழ்ந்தது. ஆதார் வந்தபோதும் பலருக்குப் பிறந்த ஆண்டு மட்டும்தான் அட்டையில் ஏறியது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஆராய்கிறவர்களுக்கு இது நெடுநாளாகத் தெரிந்த சிக்கல். இந்தியக் கணக்கெடுப்புகளில் 0, 5 என்று முடியும் வயதுகளில் ஆட்கள் குவிந்து கிடப்பார்கள். 50 வயதுக்காரர்கள் ஏராளமாக இருப்பார்கள், 49, 51 வயதுக்காரர்கள் திடீரென்று குறைந்திருப்பார்கள். "ஒரு அம்பது, அம்பத்தஞ்சுன்னு போட்டுக்கோங்க" என்று திண்ணையிலிருந்து சொன்ன பதிலின் தடம் அது. இதை அறியாமை என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. என் அம்மாவுக்குத் தன் வயது தெரியாமல் இல்லை. ஊரில் யார் தனக்கு மூத்தவர், யார் இளையவர், எவர் எத்தனை மாதம் முன்னால் பிறந்தார் என்பதெல்லாம் விரல்நுனியில் இருந்தது. தமிழில் அது தெரியாமல் ஒரு வாக்கியம்கூடப் பேச முடியாது. கூடப் பிறந்தவனைப் பற்றிப் பேச வாய் திறந்தால் அண்ணனா தம்பியா என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும். அக்காவா தங்கையா? பெரியப்பாவா சித்தப்பாவா? எண் தெரியாமல் வாழலாம், வரிசை தெரியாமல் வாழ முடியாது. அப்படி ஒரு மொழி நம்முடையது.

வயதைப் பற்றி நாம் எப்படிப் பேசுகிறோம் என்பதைக் கொஞ்ச நாளாகக் கவனித்து வருகிறேன். நான் மொழியியல் படித்தவன் இல்லை. பள்ளிக்கூடத்தில் முப்பத்து மூன்று ஆண்டு தமிழ் நடத்தியவன். அம்மாவின் கடைசி நான்கைந்து ஆண்டுகளில் அவர் சொன்ன சில வார்த்தைகளைத்தான் இந்தப் பேச்சுக்கு முதலாக வைத்திருக்கிறேன். பிறகு அந்த வார்த்தைகளுக்கு வருகிறேன்.

முதலில் இலக்கணம். "உங்களுக்கு என்ன வயசு ஆச்சு?" என்று கேட்கிறோம். "எனக்கு அறுபத்தேழு ஆகுது" என்கிறோம். மழை வருவது போல, பசி எடுப்பது போல, வயதும் நமக்கு ஆகிறது. நான் அறுபத்தேழு என்று யாரும் சொல்வதில்லை. ஊர்ப்பக்கம் இன்னும் துல்லியமாகச் சொல்வார்கள்: "அறுபத்தாறு முடிஞ்சு அறுபத்தேழு நடக்குது." முடிந்தது வேறு, நடப்பது வேறு. நடந்துகொண்டிருக்கும் ஆண்டைத்தான் நாம் நம்முடையதாகச் சொல்லிக்கொள்கிறோம். எழுபது வயதுக்காரரின் வாழ்க்கையிலும் ஏதோ ஒன்று இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்பது அந்த வினைச்சொல்லில் இருக்கிறது.

அடுத்தது 'வயசு' என்ற சொல். வயசுப் பிள்ளை, வயசுப் பொண்ணு என்றால் இளையவர்கள். வயசானவர், வயசாளி என்றால் முதியவர். வயசுக்கு வந்துவிட்டாள் என்றால் பூப்படைந்துவிட்டாள். வயசாகிவிட்டது என்றால் தலை நரைத்துவிட்டது. ஒரே சொல் இளமையின் உச்சியையும் முதுமையின் தொடக்கத்தையும் குறிக்கிறது. "வயசுல நான் ரெண்டு மூட்டையச் சேத்துத் தூக்குவேன்" என்று ஒருவர் சொன்னால் அது இருபது வயது. "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு அலைச்சல்" என்றால் எழுபது. இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகளுக்கு வயசே கிடையாதோ என்று தோன்றும். உழைப்பில் மூழ்கிக் கிடக்கும் அந்த ஆண்டுகளில் யாரும் வயதைப் பற்றிப் பேசுவதில்லைதான்.

நம் இலக்கிய மரபு வயதுக்குப் பெயர் வைப்பதில் மிகக் கூர்மையானது. பிள்ளைத்தமிழை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் மாதம் தொடங்கி இருபத்தோராம் மாதம் வரை குழந்தையின் வளர்ச்சிக்குப் பத்துப் பருவம் வகுத்தார்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி இவை ஏழும் பொது. ஆண்பால் என்றால் சிற்றில், சிறுபறை, சிறுதேர் தொடரும். பெண்பால் என்றால் அம்மானை, நீராடல், ஊசல் போன்றவை வரும். செங்கீரை என்பது குழந்தை ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, இரு கைகளையும் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுகிற ஆட்டம். அந்த ஐந்தாம் மாத அசைவை ஒருவர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். பார்த்ததோடு நிற்காமல் அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார். எனக்கு இது எப்போதுமே வியப்பு.

பிறகு உலா நூல்கள். வீதியில் பவனி வரும் தலைவனைப் பார்க்கும் பெண்களை ஏழு பருவமாகப் பிரித்தன. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். நூலுக்கு நூல் கணக்கு சற்று மாறினாலும், பேதை ஐந்து முதல் ஏழு, பெதும்பை எட்டு முதல் பதினொன்று, மங்கை பன்னிரண்டு பதின்மூன்று என்று போய்ப் பேரிளம்பெண் நாற்பதில் முடியும். மடந்தைக்கும் அரிவைக்கும் உள்ள வேறுபாட்டை வகுப்பில் நான் ஆண்டுதோறும் விளக்கியிருக்கிறேன்.

ஒரு ஆண்டு, கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "நாப்பதுக்கு அப்புறம் என்ன பேரு ஐயா?"

என்னிடம் பதில் இல்லை. நாற்பதுக்குப் பிறகு பெயர் இல்லை. முதல் இருபத்தோரு மாதத்துக்குப் பத்துப் பெயர் வைத்த மரபு, ஐந்திலிருந்து நாற்பதுக்குள் ஏழு படி கட்டிய மரபு, அதன் பிறகு வரும் முப்பது நாற்பது ஆண்டுகளை ஒரே மூட்டையாகக் கட்டி ஓரமாக வைத்துவிட்டது. ஆண்களுக்கும் இதே கதைதான். பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை என்று பாட்டியல் நூல்கள் நுணுக்கமாக அடுக்கிக்கொண்டே வரும். முப்பது தாண்டினால் முதுமகன். அவ்வளவுதான். முப்பத்தொன்றுக்கும் தொண்ணூற்றொன்றுக்கும் ஒரே பெயர்.

காரணம் தேடினால் கிடைக்காமல் இல்லை. அந்தப் பெயர்கள் பாட்டுக்காக வைத்தவை. உலாவில் காதல் கொள்ளத் தக்க வயதுதான் புலவருக்குத் தேவைப்பட்டது. பெண்ணை அவள் அழகால் அளந்த கண் அது. அழகு முடிந்தது என்று அந்தக் கண் முடிவு கட்டிய இடத்தில் சொல்லும் முடிந்துவிட்டது. அந்த மாணவிக்கு அன்றைக்கே இதைச் சொல்லியிருக்க வேண்டும். "நல்ல கேள்வி" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். அந்தக் கடனில் ஒரு பகுதியை இன்றைக்கு அடைக்கிறேன்.

மூட்டையாகக் கட்டினார்கள் என்றேன். மூட்டைக்கு எழுதிய பெயர் கிழவன், கிழவி. இந்தச் சொல்லின் வரலாறு எனக்கு மிகவும் பிடித்தது, வருத்தம் தருவதும் அதுதான். தொல்காப்பியப் பொருளதிகாரத்தைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் கிழவனும் கிழத்தியும் வருவார்கள். அங்கே அவர்கள் காதலர்கள். கிழமை என்றால் உரிமை. கிழவன் என்றால் உரிமை உடையவன். வெள்ளிக்கிழமை என்று சொல்கிறோமே, அது வெள்ளிக் கோளுக்கு உரிய நாள். கோவூர் கிழார், அரிசில் கிழார், ஆவூர் மூலங்கிழார் என்று சங்கப் புலவர் பெயர்களில் வரும் கிழாரும் இந்தச் சொல்தான். என்றும் இளையவனாகிய முருகனைக் குறிஞ்சிக் கிழவன் என்பது மரபு, குறிஞ்சி நிலத்துக்கு உரியவன் என்ற பொருளில். நிலத்துக்கும் வீட்டுக்கும் உரியவர் பெரும்பாலும் மூத்தவராக இருந்ததால் சொல் மெல்ல மெல்ல மூப்பின் பக்கம் சாய்ந்திருக்கலாம் என்பது என் ஊகம். உரிமை உதிர்ந்து மூப்பு மட்டும் நின்றது. இன்றைக்கு ஒருவரை முகத்துக்கு நேரே கிழவன் என்றால் அது வசை. 'உடையவர்' என்று பொருள்பட்ட சொல், எதுவும் இல்லாதவரைக் குறிக்க வந்துவிட்டது.

பெரு என்ற வேரும் இப்படித்தான். 1938இல் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடு ஈ.வெ.ரா.வுக்குப் பெரியார் என்று பட்டம் கொடுத்தபோது அவருக்கு வயது 59. தொண்ணூற்று நான்காம் வயதிலும், 1973 டிசம்பர் 19 அன்று தியாகராய நகர் மேடையில் பேசினார். ஐந்தாம் நாள் இறந்தார். அதே வேரிலிருந்து வந்த 'பெரியவரே' என்ற விளி மரியாதையானது. அதே வேரிலிருந்து வந்ததுதான் "பெருசு, உள்ள தள்ளிப் போ" என்று பேருந்தில் கேட்கும் குரலும்.

பேருந்து என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். நமக்கு வயதாவதை நமக்கு முதலில் சொல்கிறவர்கள் முன்பின் தெரியாதவர்கள்தான். வீட்டில் உள்ளவர்களுக்கு நாம் என்றும் அதே அண்ணன், அதே மாமா. தெரு நம்மை வேறு ஏணியில் ஏற்றிக்கொண்டே இருக்கிறது. தம்பி என்று கூப்பிட்ட கடைக்காரர் ஒரு நாள் அண்ணே என்கிறார். பிறகு சார். தெற்கே என்றால் அண்ணாச்சி. பிறகு ஐயா. பிறகு பெரியவரே. ஒரு நாள் தாத்தா. பெண்களுக்கு இந்த ஏணி இன்னும் செங்குத்து. பாப்பா, அக்கா, அதன் பிறகு நகரத்தில் ஆன்ட்டி, பிறகு அம்மா, பிறகு பாட்டி. என் தங்கை ஒரு வங்கியில் வேலை பார்த்தவள். ஐம்பத்து மூன்றாவது வயதில் காய்கறிக் கடையில் ஒரு பையன் "பாட்டி, தக்காளி எவ்வளவு போட?" என்று கேட்டானாம். பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் நின்றிருக்கிறாள். அன்று மாலை எனக்குப் போன் செய்து, "அவன் மரியாதையாத்தான் கேட்டான் அண்ணா, ஆனாலும் என்னவோ போல ஆயிருச்சு" என்றாள். உண்மைதான், பையன் மரியாதையாகத்தான் கேட்டான். முன்பின் தெரியாதவரையும் உறவுச்சொல்லால் அழைக்கும் மொழியில் அன்பும் வயதுச் சான்றிதழும் ஒரே உறையில் வந்து சேர்கின்றன.

அரசாங்கத்தின் ஏணி எளிமையானது, ஒரே படி. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. அதன்படி அறுபது நிறைந்தால் மூத்த குடிமகன். தமிழ்நாட்டு அரசு ஊழியர் ஓய்வு வயது 58ஆக இருந்தது, 2020இல் 59 ஆகி, 2021இல் 60 ஆனது. ரயில் கட்டணச் சலுகையில் 2020 மார்ச் வரை ஆணுக்கு 60, பெண்ணுக்கு 58. இந்த எண்களைப் பற்றிப் பேச எனக்கு அதிகம் இல்லை. ஆனால் ஒரு சொல்லைப் பற்றி உண்டு. 1962இலிருந்து தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் இருக்கிறது. எங்கள் ஊரில் அதற்கு ஓஏபி என்றுதான் பெயர். "ஓஏபி வந்துருச்சா மதினி?" என்று கேட்பார்கள். அந்தச் சொல் எங்கள் கரிசல் மண்ணில் வேர்விட்டுத் தமிழாகவே ஆகிவிட்டது. அந்தப் பணத்தை வாங்க வேண்டுமென்றால் ஆதரவற்றவர் என்று காட்ட வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டு அத்தைக்கு எல்லாத் தகுதியும் இருந்தது. விசாரிக்க வந்தவர், மகன் கவனிப்பதில்லை என்று சொல்லச் சொன்னார். அத்தை சொல்ல மறுத்துவிட்டார். "அவன் கஞ்சி ஊத்தலைன்னு எவாயால எப்படிய்யா சொல்லுவேன்?" மகன் கஞ்சி ஊற்றவில்லைதான். அது ஊருக்கே தெரியும். ஒரு தாளில் ஏறப்போகும் ஒரு சொல்லுக்காக அந்த மனுஷி மாதப் பணத்தை விட்டுக்கொடுத்தார்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அறுபது கடந்தவர்கள் ஏறக்குறைய 75 லட்சம் பேர், நூற்றுக்குப் பத்துக்கும் சற்று மேல். இந்திய அளவில் அது எட்டரையை ஒட்டித்தான் இருந்தது. கேரளத்துக்கு அடுத்து முதியோர் விகிதம் மிகுந்த பெரிய மாநிலம் நாம். இத்தனை பேரை ஒரே சொல்லில் அடக்கிப் பேசினால் அவர்களில் ஒருவரையும் நாம் பார்க்கவில்லை என்று பொருள்.

இப்போது ஒரு நுணுக்கமான இடத்துக்கு வருகிறேன், கொஞ்சம் பொறுத்துக் கேட்க வேண்டும். தமிழில் மனிதர்கள் உயர்திணை. மற்றவை அஃறிணை. ஆனால் முதியவர்களைப் பற்றிப் பேசும்போது நாம் எப்போது அஃறிணைக்கு மாறுகிறோம் என்று கவனித்திருக்கிறீர்களா? கிழடு, கிழம், பெருசு இவையெல்லாம் அஃறிணை வடிவங்கள். "அது உள்ள படுத்துக் கெடக்கு." "அதுக்குக் காது கேக்காது." உடனே கோபப்பட வேண்டாம். எல்லா 'அது'வும் ஒன்றல்ல. வட மாவட்டங்களில் "அம்மா சொல்லுச்சு", "ஆயா வந்துச்சு" என்பது வாஞ்சையான பேச்சு. குழந்தை தூங்குது என்கிறோம், அதில் இழிவு எதுவும் இல்லை. தொல்காப்பியரே சொல்லதிகாரத்தில் இதற்கு ஒரு நூற்பா எழுதியிருக்கிறார். பொருளால் உயர்திணையாக இருந்தும் அஃறிணை வினை கொள்ளும் சொற்களை அதில் பட்டியலிடுகிறார். இளமை, மூப்பு, விருந்து, அரசு, மகவு, குழவி எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. 'மூப்பு வந்தது' என்று ஒரு முதியவரைச் சொன்னால் வினை அஃறிணைதான், 'அரசு வந்தது' என்று மன்னனைச் சொல்வது போல. அந்தப் பட்டியலில் மூப்புக்குப் பக்கத்தில் விருந்தும் அரசும் குழந்தையும் உட்கார்ந்திருக்கிறார்கள். அது மூப்புக்குக் கிடைத்த நல்ல வரிசை.

ஆகவே சொல்லின் வடிவத்தை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. யாரிடம் பேசுகிறோம், யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்க்க வேண்டும். அம்மாவை ஒரு முறை ஒரு பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தேன். மருத்துவர் நல்லவர், பொறுமையானவர். அம்மா அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். மருத்துவர் என்னைப் பார்த்து, "பாட்டிக்கு ராத்திரி தூக்கம் வருதா?" என்று கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா மருத்துவரைப் பார்த்து, "வருதுங்கய்யா" என்றார். மருத்துவர் திரும்பவும் என்னிடம், "பாட்டிக்கு வலி எங்க இருக்காம்?" என்றார். 'இருக்காம்' என்ற அந்த ஆம், பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்லும் ஆம். எதிரே இருக்கும் ஒருவரை அங்கே இல்லாதவர் ஆக்கிவிடுகிறது அந்த இரண்டெழுத்து. பாட்டி என்ற சொல்லில் குறையே இல்லை. கேள்வி போய்ச் சேர்ந்த திசையில்தான் குறை இருந்தது. நான் அதை அன்றைக்குத் திருத்தவில்லை. நானே பதில் சொல்லத் தொடங்கிவிட்டேன். வெளியே வந்ததும் அம்மா கேட்டார்: "ஏன்டா, எனக்கு வாய் இல்லையா?"

தம் வாயாலேயே பேசும் இரண்டு முதியவர்கள் புறநானூற்றில் இருக்கிறார்கள். ஒருவர் பிசிராந்தையார். இத்தனை வயதாகியும் உங்களுக்கு ஏன் நரைக்கவில்லை என்று அவரைக் கேட்கிறார்கள். அவர் தன் உடம்பைப் பற்றி எதுவும் பேசவில்லை. மனைவி மக்களைச் சொல்கிறார், ஏவல் செய்பவர்களைச் சொல்கிறார், அரசனைச் சொல்கிறார், ஊரில் உள்ள சான்றோரைச் சொல்கிறார். தலைமயிரைப் பற்றிக் கேட்ட கேள்விக்குச் சுற்றியிருக்கும் மனிதர்களை எண்ணிக் காட்டுகிறார். இன்னொருவர் பெயரே தெரியாதவர். கையில் பூண் போட்ட தடி, பேச்சை இருமல் வந்து வந்து அறுக்கிறது. அந்த நிலையில், மருதமரக் கிளையில் ஏறி ஆழமான நீரில் குதித்து அடிமணலை அள்ளிக்கொண்டு வந்து காட்டிய தன் சிறுவயதை நினைத்துப் பார்க்கிறார். தடியைப் பற்றி அவர் பாடிய சொற்களையே அவருக்குப் பெயராக்கித் தொடித்தலை விழுத்தண்டினார் என்றார்கள். அவரை யாரும் இடைமறிக்கவில்லை, அவருக்காக வேறு யாரும் பதில் சொல்லவில்லை. இருமலோடு சேர்த்து முழுதாகப் பேச விட்டிருக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டு கடந்து அந்தக் குரல் நமக்குக் கிடைத்தது அதனால்தான்.

இனி அம்மாவின் வார்த்தைகளுக்கு வருகிறேன்.

அப்பா போன பிறகு அம்மா ஊரிலேயே இருந்தார். தம்பி குடும்பம் கூட இருந்தது. நான் ஞாயிறுதோறும் போன் செய்வேன். "எப்படிம்மா இருக்கீங்க?" என்பேன். முதலில் சில ஆண்டுகள், "நல்லா இருக்கேன், நேத்து சாத்தூர் போயி ஒங்க அத்தையப் பாத்துட்டு வந்தேன்" என்பது போலப் பதில் வரும். பிறகு, "மாரியம்மன் கோயில் வரைக்கும் போயிட்டு வந்தேன்." அதற்கும் சில மாதங்கள் கழித்து, "பால்காரர் வீடு வரைக்கும் போறேன்." பிறகு, "வாசல் வரைக்கும் வாரேன்." நான் நலம் விசாரித்தேன், அவர் தூரம் சொன்னார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தன் உலகத்தின் எல்லையை எனக்கு அளந்து சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அது அப்போது புரியவில்லை. ஏதோ கதை பேசுகிறார் என்று நினைத்தேன்.

அவர் போன பிறகு, துக்கம் கேட்க வந்தவர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது ஒரு கதவு திறந்தது. "எங்க மாமா இன்னும் ஓடியாடித் திரியுறாரு." "எங்க ஆத்தா நடமாட்டமா இருக்காக." "அவரு இப்ப வீட்டோட இருக்காரு." "திண்ணையோட சரி." "எந்திரிச்சு உக்காருவாக." "கட்டிலோட ஆயிட்டாக." "படுத்த படுக்கை." கடைசியாக, "இழுத்துக்கிட்டுக் கெடக்கு."

உலா நூல்கள் நாற்பதில் நிறுத்திய ஏணியை ஊர்வாய் தொடர்ந்து கட்டியிருக்கிறது. புலவர்கள் பெயர் வைக்க மறந்த பருவங்களுக்கு நம் வீட்டுப் பெண்களும் ஆண்களும் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த ஏணி ஆண்டை வைத்து அளக்கவில்லை. தூரத்தை வைத்து அளக்கிறது. ஊர், தெரு, வீடு, திண்ணை, கட்டில். செங்கீரையைப் பார்த்தவரின் அதே கண்தான் இது. தவழ்ந்து, நின்று, நடந்து, வாசல் தாண்டிப் போன குழந்தையின் பாதையைத் திரும்பி வரும் திசையில் பார்க்கிறது. அந்த ஏணியில் கடைசிப் படியில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். "இருக்காரு" என்று வந்தது அங்கே "கெடக்கு" என்று மாறிவிட்டது. அதுவரை உயர்திணையில் இருந்தவரை நாம் அங்கே கைவிடுகிறோம்.

அந்தக் கைவிடலின் எல்லை எவ்வளவு கொடியது என்பது எங்கள் தென்மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். தலைக்கூத்தல் என்ற சொல்லை இந்த மேடையில் சொல்லாமல் போனால் நான் நேர்மையாகப் பேசியதாக ஆகாது. படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த நீரூற்றி, இளநீர் கொடுத்து, சாவை வரவழைக்கும் செயலுக்கு அது பெயர். தலைக்கு ஊற்றுவது என்றால் நம் வீடுகளில் என்ன பொருள்? காய்ச்சல் விட்டு, அம்மை இறங்கி, பிள்ளை பிழைத்து எழுந்தால் "தலைக்கு ஊத்தியாச்சு" என்று ஊருக்குச் சொல்வோம். பிழைத்ததைச் சொல்லும் சொல்லைக் கொண்டே கொலையை மூடியிருக்கிறார்கள். அதை வைத்து எடுத்த திரைப்படம் ஒன்றுக்குப் 'பாரம்' என்று பெயர். தேசிய விருது பெற்ற படம். அந்தத் தலைப்பைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சில் அடித்தது. ஏனென்றால் பாரம் என்பது முதியவர்களைப் பற்றி நாம் சொல்லும் சொல் மட்டும் இல்லை. அவர்களே தங்களைப் பற்றி மிக அதிகமாகச் சொல்லிக்கொள்ளும் சொல் அதுதான். "யாருக்கும் பாரமா இல்லாமப் போய்ச் சேந்துரணும்." "கை கால் நல்லா இருக்கும்போதே கொண்டு போயிரணும்." எந்த ஊரில், எந்தத் திண்ணையில் கேட்டாலும் இதே வார்த்தைகள். நாமும் வழக்கமாக, "அப்படியெல்லாம் சொல்லாதீங்க" என்கிறோம். அந்தச் சொல் அவர்கள் வாய்க்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை.

என் அம்மாவும் சொல்லியிருக்கிறார். கட்டிலோடு ஆன பிறகு ஒரு நாள், என் தம்பி மனைவி அவரைத் தூக்கி உட்கார வைக்கும்போது, "பாரமா இருக்கேன்ல தாயி" என்றார். அவள், "ஆமா அத்தை, நாப்பது கிலோ இருக்கீக. நான் ஒரு குடம் தண்ணி தூக்குறது இல்லையா?" என்றாள். அம்மா சிரித்துவிட்டார். கடைசி மாதங்களில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். 'அப்படிச் சொல்லாதீங்க' என்று அவள் மறுக்கவில்லை. பாரம் என்ற சொல்லை வாங்கி, கிலோவாக்கி, குடமாக்கி, தினம் தூக்குகிற ஒன்றாக்கித் திருப்பிக் கொடுத்தாள். நான் முப்பத்து மூன்று ஆண்டு நடத்திய தமிழில் அப்படி ஒரு மறுமொழி எனக்கு வந்திருக்காது.

கி. ராஜநாராயணன் எங்கள் கரிசல் பேச்சுக்கு ஒரு அகராதி தொகுத்தார். பல்கலைக்கழகத்தில் இருந்து அதைச் செய்யவில்லை, ஊர் மனிதர்களிடம் கேட்டுக் கேட்டுச் செய்தார். அந்தத் துணிச்சலில் ஒரு சிறு வேலையை நானும் தொடங்கியிருக்கிறேன். பின்வரிசைக்கு அருகில், மேசை மேல் ஒரு நீளமான நோட்டு இருக்கிறது. நாற்பதுக்குப் பிறகு வரும் பருவங்களுக்கு உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் என்ன சொல்கிறார்கள் என்று அதில் எழுதுங்கள். சொல்லை எழுதி, எந்த ஊர் வழக்கு என்று பக்கத்தில் குறித்தால் போதும். எழுதத் தெரியாத பெரியவர்கள் வந்திருந்தால் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன், ஆனால் அவர்களே என்னிடம் சொல்ல வேண்டும். கூட வந்த பிள்ளைகள் அவர்களுக்காகப் பேச வேண்டாம். முதல் பக்கத்தில் அம்மாவின் சொற்களைத் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன். கடைசி வரி, "வாசல் வரைக்கும் வாரேன்." அதற்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன்.